முதலாம் பிள்ளை இல்லாத வகுப்பு

றஜீனாவின் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மன்னாரில் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் மணி அடித்த பிறகும் மேடையை விட்டு இறங்கமாட்டாள் என்று பேரெடுத்த வாய் அது. லண்டனுக்கு வந்து, தாதியாக வார்டுகளில் கால் வீங்க நின்று, அதற்கு மேலே படித்து, நகரின் கிழக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தாதியர் துறை விரிவுரையாளர் ஆன பிறகும் அது ஓயவில்லை. மருந்துக் கணக்கு என்கிற உலர்ந்த பாடத்தை அவள் நடத்தினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், தலையாட்டுவார்கள், நேரம் போனதே தெரியாமல் எழும்பிப் போவார்கள். ஆண்டு முடிவில் அவர்கள் எழுதுகிற கருத்துகளில் ‘அருமையான ஆசிரியை’ என்பது தவறாமல் வரும்.

பரீட்சையில் மட்டும் பாதிப்பேர் விழுவார்கள்.

மருந்துக் கணக்கில் பாதி சரி என்று ஒன்று கிடையாது. நோயாளிக்கு ஏற்றுகிற மருந்து பாதி சரியாக இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்? எல்லாக் கணக்கும் சரியாக வந்தால்தான் தேறலாம். ஒன்று பிழைத்தாலும் திரும்ப எழுத வேண்டும். திரும்ப எழுதியும் விழுந்தால் தாதியாகும் கனவை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன வருடம் அப்படிப் போன பிள்ளைகளை றஜீனாவால் மறக்க முடியவில்லை. ‘விளங்கினதா?’ என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய அதே பிள்ளைகள்தான் பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளுடைய அறைக்கு வந்து, தொடக்கத்திலிருந்தே விளங்கவில்லை என்றார்கள். தொடக்கத்திலிருந்தே! அவளுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அது அவர்கள் மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

கோடை விடுமுறை முழுவதும் அதே யோசனையாகத் திரிந்தாள். கிடைத்ததையெல்லாம் படித்தாள், வேறு பல்கலைக்கழகங்களில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று தேடித்தேடிப் பார்த்தாள். விடுமுறை முடியுமுன்பே துறைத் தலைவர் றிச்சட்டின் அறைக்குப் போய், “இனி நான் விரிவுரை செய்யப்போவதில்லை” என்றாள்.

றிச்சட் நல்ல மனிதர். வேலையை விடுகிறாளாக்கும் என்று நினைத்து எழும்பியே விட்டார். றஜீனா அவரை இருக்கச் சொல்லிவிட்டு விசயத்தை விளக்கினாள். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிள்ளைகள் வீட்டிலேயே போனில் பார்த்துவிட்டு வருவார்கள். விளங்காதவர் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், யாரும் பெருமூச்சு விடப்போவதில்லை. வகுப்பில் அவள் திரையில் ஒரு கணக்கைப் போடுவாள், எல்லாரும் போனில் விடையை அழுத்துவார்கள். எந்த விடைக்கு எத்தனை பேர் என்று அந்த இடத்திலேயே தெரியும். யாருக்கு எது பிழைக்கிறதோ அந்த வகைக் கணக்கே அவருக்குப் பயிற்சியாகப் போகும். ஆசிரியருக்கு எதைச் சொல்ல விருப்பம் என்பதை விட்டுவிட்டு, பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பதிலிருந்து வகுப்புத் தொடங்கும்.

றிச்சட் கன்னத்தைச் சொறிந்தார். மேலிடத்தில் வேறு திட்டம் இருந்தது. வெளியே ஒரு கொம்பனி எடுத்த வீடியோப் பாடங்களை அப்படியே வாங்கிப் போட்டுவிட்டால் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே தேவையில்லை என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

“ஒரு தவணை தருகிறேன்” என்றார். “தை மாதப் பரீட்சையில் இந்தப் பாதிப்பேர் விழுகிற கதை மாற வேண்டும். மாறாவிட்டால் பாடம் அந்த வீடியோவுக்குப் போய்விடும், றஜீனா. கோடையோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்க என் கையில் காரணம் எதுவும் இருக்காது.”

ஒளிவு மறைவில்லாமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஸ்ராற்ஃபோட்டிலிருந்து வெம்பிளி வீடு வரைக்கும் ஜூபிலி லைன் ரயிலில் இருக்க இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே போனாள். பயமும் இருந்தது, ஒரு கை பார்க்கிறேன் என்ற துடிப்பும் இருந்தது.

அவளுக்கு வினை வந்தது லண்டனின் தெற்கே, மோர்டனில்.

தவணை தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அங்கே சொந்தத்துக்குள் ஒரு ஞானஸ்நான விருந்து. றஜீனாவின் அண்ணன் சற்குணம் அங்கேதான் சனிக்கிழமைகளில் ரியூசன் சென்ரர் நடத்துகிறார். தமிழ்ப் பிள்ளைகள் கணக்கும் விஞ்ஞானமும் படிக்க வரிசையில் நிற்பார்கள், பெற்றோர் அதைவிட நீண்ட வரிசையில் நிற்பார்கள். ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் போட்ட கோப்பையோடு வந்து தங்கைக்குப் பக்கத்தில் இருந்தவர், அவளுடைய புதுத் திட்டம் முழுவதையும் இறைச்சியை மென்றபடியே கேட்டு முடித்தார்.

“எல்லாம் சரி. றாங்க் போடுறியோ?”

“இது யூனிவேர்சிற்றி, அண்ணை.”

“யூனிவேர்சிற்றி எண்டா என்ன, பிள்ளையள் பிள்ளையள்தானே? என்ர சென்ரருக்கு வந்து பார். சுவரில லிஸ்ற் ஒட்டின அண்டைக்கே பாதிப் படிப்பு முடிஞ்சுது. கடைசியா வந்தவன் அடுத்த கிழமை தலைகீழா நிண்டு படிப்பான். நீயும் அப்பிடித்தானே படிச்சனி?”

உண்மைதான். றஜீனா அப்படித்தான் படித்தாள். எங்கள் ஆட்களுக்குள் ஒரு பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. எத்தனையாம் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். றஜீனா எப்போதும் முதலாம் பிள்ளை. தவணை முடிவில் வகுப்பாசிரியை பேர்களை வாசிக்கத் தொடங்கும்போது முதல் பேரைக் கேட்டதும் அவளுக்குப் பட்டியல் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வாசிக்கப்பட்ட பேர்களை அவள் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

வகுப்புக்காக அவள் எடுத்த மென்பொருளில் றாங்க் போடவும் வசதி இருந்தது. ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று பேரோடும் புள்ளியோடும் பெரிய திரையில் காட்டும். வாங்கும்போது அது நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருந்தது. திங்கட்கிழமை காலை றஜீனா அதைத் தேடிப்பிடித்து இயக்கிவிட்டாள். இயக்கும்போது அவளுக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது.

முதல் வாரம் வகுப்பு அமளிதுமளிப்பட்டது. ஒரு கணக்குப் போட்டால் திரையில் பேர்கள் மேலே ஏறும், கீழே இறங்கும். ஒருவர் பேரை ஒருவர் சொல்லிக் கத்துவார்கள். நேதன் என்று நெட்டையான ஒரு பையன், முன்பு முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தவன், முதலாவது கணக்கிலேயே உச்சியில் போய் இருந்துவிட்டான். இருந்தவன் இறங்கவில்லை. இறுதியில் அவன் பேர் பொன்னிறத்தில் மின்னியபோது றஜீனா தன்னை மறந்து கைதட்டினாள். அண்ணை சொன்னது எவ்வளவு சரி என்று வீட்டுக்குப் போய்க் கணவனிடமும் பெருமையடித்தாள்.

இரண்டாம் வாரம் போனில் விடை அழுத்தியவர்கள் தொகை குறைந்தது. மூன்றாம் வாரம் இன்னும் குறைந்தது. “பற்றறி முடிந்துவிட்டது” என்றாள் ஒருத்தி. “நெற்வேர்க் வரவில்லை” என்றான் இன்னொருவன். இருபது வயதுப் பிள்ளைகளின் போனில் காலை பத்து மணிக்குப் பற்றறி முடிகிற அதிசயத்தை றஜீனா வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கண்டாள். மேலே அதே ஐந்து பேர் தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சோம்பேறிகள் என்று அவளுக்கு வந்தது ஆத்திரம். வீட்டில் பார்க்கச் சொன்ன பாடங்களைப் பார்க்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கடுமையாகப் பேசிப் பார்த்தாள். அதற்கடுத்த வகுப்பில் பற்றறிகள் இன்னும் கூடுதலாகச் செத்துப்போயின.

நான்காம் வாரம் றிச்சட் வகுப்பைப் பார்க்க வந்தார். கடைசி வரிசையில் ஒரு மூலையில் இருந்தார். றஜீனா ஓடியாடி நடத்தினாள், பகிடி விட்டாள், நேதனும் கூட்டாளிகளும் விடைமேல் விடையாக அழுத்தினார்கள். எல்லாரும் போன பிறகு றிச்சட் மெதுவாக முன்னுக்கு வந்தார்.

“மேலே இருக்கிற அந்த ஐந்து பேரும் கெட்டிக்காரர்கள்” என்றார். “அவர்கள் பழைய விரிவுரையைக் கேட்டாலும் தேறியிருப்பார்கள். மற்றவர்கள் எங்கே, றஜீனா?”

அவர் ஏசியிருந்தால்கூடத் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

பசிக்கவில்லை என்றாலும் கன்ரீனுக்குப் போய் ஒரு தேத்தண்ணியோடு மடிக்கணினியை விரித்தாள். பிள்ளைகள் தாங்களாகப் பயிற்சி செய்கிற பக்கம் ஒன்று இருந்தது. அங்கே புள்ளிப் பட்டியல் கிடையாது. யாரும் எந்தப் பேரையும் வைத்துக்கொள்ளலாம். வகுப்பிலேயே விடை அழுத்தாதவர்கள் அங்கே மட்டும் என்னத்தைச் செய்திருக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் அவள் அதை அதுவரை திறந்தே பார்க்கவில்லை. இப்போது திறந்தாள். பக்கம் நிரம்பி வழிந்தது. கண்ட கண்ட பேர்களில் யார் யாரோ விழுந்து விழுந்து கணக்குச் செய்திருந்தார்கள். எல்லாருக்கும் மேலாகச் செய்திருந்தவரின் பேர், ஆங்கில எழுத்தில், பருப்புவடை.

றஜீனா தேத்தண்ணியைத் துப்பாத குறை. வகுப்பில் அவளைத் தவிரத் தமிழ் ஆள் ஒரே ஒருத்திதான், குட்மேய்ஸிலிருந்து வருகிற துஷ்யா. வகுப்பில் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிற பிள்ளை. பற்றறி செத்துப்போனவர்களில் முதலாவது ஆள்.

பருப்புவடையின் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. இந்த நிமிடமும் செய்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். றஜீனா தலையை நிமிர்த்தினாள். கன்ரீனின் மறுகோடியில், சான்ட்விச்சைப் பிரித்துக் கடிக்காமல் வைத்துவிட்டு, துஷ்யா போனுக்குள் தலையை விட்டிருந்தாள். அவள் விரல் அழுத்தும், இங்கே மடிக்கணினியில் விடை வந்து விழும். பிழை. திரும்ப அழுத்தினாள். திரும்பவும் பிழை. சேலைன் கணக்கு அது, நிமிடத்துக்கு எத்தனை துளி போக வேண்டும் என்று காண்பது. பிள்ளை தலைமயிரைப் பிடித்துக்கொண்டாள், தாளில் ஏதோ கிறுக்கினாள், திரும்ப அழுத்தினாள். இந்த முறை சரி. மேசைக்குக் கீழே ஒருவருக்கும் தெரியாமல் அவள் கைவிரல்களை மடக்கி ஒரு குத்து விட்டதை றஜீனா பார்த்தாள். நேதன் பேர் பொன்னிறத்தில் மின்னியபோதுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோசம் வரவில்லை.

எழும்பி நேரே அந்த மேசைக்குப் போனாள்.

“பருப்புவடை எப்பிடி இருக்கு?”

துஷ்யாவின் முகம் வெளிறியது. மற்றப் பிள்ளைகள் ‘றஜீனா’ என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இந்த நாட்டு வழக்கம் அது. துஷ்யாவுக்கு அது வாயில் வராது. அன்ரி என்று சொல்ல வகுப்பில் வெட்கம். அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே முதல் தவணையை ஓட்டிக்கொண்டிருந்தவள், அந்தப் பதட்டத்தில் கட்டுப்பாட்டை விட்டுவிட்டாள்.

“சொறி அன்ரி, அது சும்மா பகிடிக்கு வைச்ச பேர். நான் இப்பவே டிலீற் பண்ணுறன்.”

“பேர் கிடக்கட்டும். இவ்வளவு செய்யிற ஆள் வகுப்பில ஏன் போனைக் கவிட்டு வைச்சிருக்கிறீர்?”

துஷ்யா சான்ட்விச்சைப் பார்த்தாள்.

“அந்த லிஸ்ற்றில என்ர பேர் அடியில வரும் அன்ரி. அது எனக்கே தெரியும். எல்லாருக்கும் ஏன் தெரியோணும்? சின்னனில அம்மா என்னை ரியூசனுக்கு விட்டவா. அங்கயும் சுவரில ஒட்டுவினம். அம்மா லிஸ்ற்றைக் கீழ இருந்துதான் வாசிச்சுக்கொண்டு வருவா, என்ர பேர் அங்க கெதியாக் கிடைக்கும் எண்டு. அதுக்குப் பிறகு ஆக்கள் பார்த்தா எனக்குக் கணக்கு ஏலாது. கை ஓடாது.”

“மற்ற ஆக்கள்?”

“எல்லாரும் வீட்டில செய்யினம். ட்ரெயினில, பஸ்ஸில எல்லாம் செய்யினம். வகுப்பில மட்டும் செய்ய மாட்டினம். நீங்கள் லிஸ்ற் போடுறியள்தானே.”

கடைசி வசனத்தை அவள் குற்றம் பிடிக்கிற மாதிரிச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். றஜீனாவுக்கு முகம் சுட்டது. பிள்ளைக்கு எது தெரியாது என்பதிலிருந்து வகுப்பைத் தொடங்கப் போகிறேன் என்று றிச்சட்டின் அறையில் அத்தனை பேச்சுப் பேசியவள், தெரியாததை வெளியே காட்டினால் மானம் போகும்படி செய்து வைத்திருந்தாள். மோர்டன் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்து பல்கலைக்கழகத்துத் திரையில் ஒட்டியிருந்தாள். பட்டியலின் கீழ்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு வாழ்க்கையில் ஒருவரும் சொன்னதில்லை, அவள் கேட்டதுமில்லை.

“டிலீற் பண்ணாதையும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வகுப்பில் பட்டியல் இல்லை. “நான் ஒரு பிழை விட்டேன்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். “யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று இனி இந்தத் திரை சொல்லாது. உங்களுக்கு விருப்பமான பேரோடு உள்ளே வாருங்கள். யார் எது என்று எனக்கும் தெரியத் தேவையில்லை.” பிறகு திரையில் ஒரு பேர் விழுந்தது: ஜொலொஃப் சோறு. சிரிப்பு. அதற்குப் பின்னால் பொரித்த கோழி, ஆறிய சிப்ஸ், பாட்டியின் சூப் என்று சாப்பாட்டுக் கடையே திறந்துவிட்டார்கள். பருப்புவடையும் வந்து சேர்ந்தது. செத்துப்போயிருந்த பற்றறிகள் எல்லாம் உயிர்த்தெழுந்துவிட்டன.

றஜீனா கணக்கைப் போட்டாள். ஆயிரம் மில்லிலீற்றர் சேலைன், எட்டு மணித்தியாலத்தில் ஏற்றி முடிக்க வேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளி. நிமிடத்துக்கு எத்தனை துளி?

முதல் வாரத்துக்குப் பிறகு முழு வகுப்பும் அழுத்திய முதல் கணக்கு அது. கோடுகள் திரையில் எழும்பின. நாற்பத்திரண்டு என்பது சரியான விடை; அதற்கு எழும்பிய கோடு முழங்கால் உயரம்கூட இல்லை. நூற்றி இருபத்தைந்து என்கிற பிழையான விடை கூரையைத் தொட்டது. தவணையில் பாதி போய்விட்டது, வகுப்புக்கு அடிப்படையே தெரியாது, அதை இன்றைக்குத்தான் காண்கிறாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நடு வரிசையில் ஒருத்தி பெரிதாக, ஆசுவாசமாகச் சிரித்தாள். “நான் மட்டும்தான் என்று நினைத்தேன்!” என்றாள். இன்னொருவன், “நானும்” என்றான். நானும், நானும் என்று வகுப்பு முழுவதும் அது பரவியது. தெரியாதது தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருத்தரும் இவ்வளவு நாளும் தனித்தனியாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்கள்.

“பக்கத்தில் இருப்பவரோடு கதையுங்கள்” என்றாள் றஜீனா. “உங்கள் விடைதான் சரி என்று அவரை நம்ப வையுங்கள். பிறகு திரும்ப அழுத்துவோம்.”

அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே பெரிய வேலை அதுதான். விடை நாக்கு நுனியில் நிற்கிறது. பகிடியும் ஒன்று தயாராக நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். வகுப்பு சந்தையாக இரைந்தது. “மணித்தியாலத்துக்கு நூற்றி இருபத்தைந்து மில்லிலீற்றர், சரி, ஆனால் கேட்டது நிமிடத்துக்கல்லவா?” என்று ஒருத்தி மேசையில் தட்டினாள். “அதுவும் மில்லிலீற்றர் கேட்கவில்லை, துளி கேட்கிறார்கள்!” என்று கத்தினான் மற்றவன். கேட்டுக்கொண்டு நடந்த றஜீனாவுக்குச் சட்டென்று விளங்கியது. மணித்தியாலத்திலிருந்து நிமிடத்துக்கும் துளிக்கும் போகிற அந்த இடத்தை அவள் விரிவுரையில் ஒரே தாவலில் தாண்டிவிடுவாள். அவளுக்கு அது மனக்கணக்கு. வருடா வருடம் பாதி வகுப்பை அந்த ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்கவிட்டு அவள் மட்டும் அக்கரையில் நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டாம் முறை அழுத்தினார்கள். நாற்பத்திரண்டின் கோடு எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. நூற்றி இருபத்தைந்து சுருங்கிச் சுருங்கித் தரையோடு படுத்தது. வெம்பிளி மைதானத்தில் கோல் விழுந்தால் எழும்புகிற சத்தம் வகுப்பில் எழும்பியது. அடுத்த அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வண்டி ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு வகுப்பும் பிழையில் தொடங்கியது. எந்தப் பிழையான விடைக்குக் கோடு உயருகிறதோ அந்த இடத்தில் றஜீனா இறங்கினாள், அந்த இடத்தை மட்டும் பேசினாள், மிச்சத்தை அவர்களிடம் விட்டாள். விளங்கியவர்கள் விளங்காதவர்களுக்காகத் தாங்களே போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போடலாம் என்றாள். பருப்புவடை போட்ட வீடியோவில் குட்மேய்ஸ் வீட்டுக் குசினிக் குழாய் சொட்டுச் சொட்டாய் ஒழுகியது, கீழே ஒரு அளவுக் கோப்பை. முகம் கிடையாது, குரல் மட்டும் ஆங்கிலத்தில் துளிகளை எண்ணி, மில்லிலீற்றருக்கும் நிமிடத்துக்கும் கொண்டுபோனது. பின்னணியில் “தண்ணியைப் பூட்டு பிள்ளை!” என்று ஒரு தாயின் சத்தமும் தெளிவாக விழுந்திருந்தது. வகுப்பில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை.

எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. நேதன் ஒருநாள் வகுப்பு முடிந்து நின்றான்.

“நான் முதலாவதாக இருந்தேன்” என்றான். “இப்போது எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.”

றஜீனாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்த முகம். “எனக்கும் அப்படித்தான் இருந்தது” என்றாள். அவன் நம்பவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கச் சொன்னால் கதைக்காமல் விடையை அழுத்திவிட்டு யன்னலைப் பார்க்கத் தொடங்கினான்.

தை மாதம் பரீட்சை நடந்தது. அதற்குப் பிறகு றஜீனா பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சமையலில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். கோயிலில் குருவானவர் பிரசங்கம் வைக்கும்போது துளிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடைக்குப் பிறகு திரும்பவும் வார்டில் இரவு ஷிப்ட் செய்யலாம், அதில் ஒரு குறையுமில்லை என்று கணவனிடம் சொன்னாள், சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதாள். வேலை போவதற்காக அழவில்லை. அந்த நானும், நானும் என்ற சத்தத்தை இழக்கப் போகிறோமே என்று அழுதாள்.

றிச்சட் கூப்பிட்டனுப்பினார். அவள் போய் நின்றதும் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். றஜீனா பார்த்தாள். இது வேறு பாடத்தின் முடிவு போலிருக்கிறது என்று சொன்னாள். உங்களுடையதுதான் என்றார். அந்தப் பெரிய வகுப்பில் விழுந்தவர்கள் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருத்தக்கூடிய அளவுதான்.

“வீடியோக் கொம்பனிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன்” என்றார் றிச்சட். “உங்கள் ஒப்பந்தத்துக்கும் எழுதியாகிவிட்டது. மற்றப் பாடங்களையும் இப்படி மாற்ற வேண்டும், அதற்கு நீங்கள் இருந்தாக வேண்டும்.” சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். றஜீனா கையைக் கொடுக்காமல் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அவர் பாவம், கண்ணாடி சரிந்துபோய் நின்றார்.

படிக்கட்டில் இறங்கும்போதே அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

“பார்த்தியே!” என்று சற்குணம் குதித்தார். “றாங்க் போட்டதால வந்த றிசல்ற்!”

“இல்லை அண்ணை. அதை எடுத்ததால வந்தது.”

“பேர் இல்லாமலோ? போட்டி இல்லாமலோ? நீ விசரியே?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “என்ர சென்ரரிலயும் கொஞ்சப் பிள்ளையள் வாயே திறக்குதுகள் இல்லை. ஒருக்கா வந்து பாரன், எனக்கும் அது செய்ய ஏலுமோ எண்டு” என்றார்.

அடுத்த நாள் காலை முடிவுகள் பிள்ளைகளின் போன்களுக்குப் போயின. றஜீனா வகுப்புக்குள் நுழைந்தபோது ஒரே கும்மாளம். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள், யாரோ கேக் கொண்டுவந்திருந்தார்கள், நாலு பிள்ளை பெற்ற ஒரு மாணவி மேசைகளுக்கு நடுவில் நின்று ஆடினாள். கடைசி வரிசையில் துஷ்யா போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். றஜீனாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை.

அந்தச் சத்தத்துக்குள் முன்வரிசையில் நேதன் எழும்பி நின்றான். அவன் நிற்பதைக் கண்டு வகுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. முதலாவதாக வந்ததைச் சொல்லப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“நான் விழுந்துவிட்டேன்” என்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. “ஒரு கணக்கு. தசமப் புள்ளியை மாற்றிப் போட்டிருக்கிறேன். எத்தனை முறை பார்த்தும் எந்தப் படியில் அது மாறியது என்று விளங்கவில்லை. யாராவது எனக்குச் சொல்லித் தருவீர்களா?”

அந்த வகுப்பறையில் ஒருவர் தன் சொந்தப் பேரோடு, சொந்த முகத்தோடு, எனக்குத் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல்தடவை. அதுவும் அவன் வாயால். றஜீனா ஓரடி முன்னுக்கு வைத்தாள். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி படிகளில் தடதடவென்று இறங்கி வந்துவிட்டாள். ஆக்கள் பார்த்தால் கை ஓடாது என்று சொன்ன துஷ்யா, இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, நேதனுக்குப் பக்கத்து இருக்கையில் பையைப் போட்டாள்.

“கொண்டா இங்கே” என்றாள், வகுப்பு முழுவதற்கும் கேட்கிற ஆங்கிலத்தில். “இந்த வகைக் கணக்கில் நான் விட்ட பிழைகளை இங்கே ஒருத்தரும் விட்டிருக்க மாட்டீர்கள். எங்கெங்கே பிழைக்கும் என்று என்னிடம் கேள்.”

பரிசு வாங்கினவள் சொல்வது போலத் தலையை நிமிர்த்தித்தான் அதைச் சொன்னாள். யாரோ கைதட்டத் தொடங்க, வகுப்பே தட்டியது. நேதன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, தாளை அவள் பக்கம் தள்ளினான்.